உதகை காண்டல்: ஊர்ப்பெயர்வழி ஓர் ஆய்வு

முன்னுரை

மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட மக்கள் ஒருங்கு கூடி வாழும் பழநகர்களைக் கண்டு வருதல் இக்காலத்தார் பெரிதும் விரும்பும் செயலாகும். மலேசிய நாட்டு மலாக்கா அத்தகைய நகர்களுள் ஒன்று. ஆங்கே 1781ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும், கம்போங் கிளிங் பள்ளிவாசலும், செங் ஹூன் தெங் என்னும் சீனர் கோயிலும் ஒன்றற்கொன்று அணித்தாக, ஒரு தெருவின் போக்கிலேயே அமைந்துள்ளன. பள்ளிவாசலின் பெயரிலுள்ள 'கிளிங்' என்னும் சொல் தென்னிந்திய மக்களைக் குறித்து அந்நாட்டில் வழங்கிய சொல்லாகும். அந்நகரில் மக்கள் வரலாறு கட்டடமாகவும் நிற்கின்றது, பெயராகவும் வழங்குகின்றது.

நீலகிரியின் தலைநகராகிய உதகமண்டலமும் பன்மொழி நகரே. தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் ஆகியோரின் மலைநாட்டில், தமிழரும் மலையாளிகளும் கன்னடியரும் ஆங்கிலேயரும் வந்து கூடியமையால் உருவாகிய நகர் இது. ஆயின் மலாக்காவுக்கும் உதகைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உதகையிற் சுற்றுலாவினர் காணும் பழங்கட்டடங்கள் பெரும்பாலும் ஒரு சாராரின் வரலாற்றையே பேசுகின்றன. ஏனையோர் மூங்கிலாலும் புல்லாலும் மண்ணாலும் இல்லம் அமைத்தோர். அவர்தம் வரலாறு கல்லில் இல்லை. ஊர்ப்பெயர்களிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

ஊர்ப்பெயர்கள் நாட்டு வரலாற்றுக்குச் சான்றாதலை அறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளை 1946இல் வெளியிட்ட 'ஊரும் பேரும்' என்னும் நூல் தமிழுலகுக்கு நன்கு உணர்த்திற்று. அந்நெறியை மலைநாட்டுக்கும் செலுத்தி, உதகை, குன்னூர், கோத்தகிரி ஆகிய பகுதிகளைப் பெயர்வழியே காண முற்படுகின்றது இக்கட்டுரை.

1. கட்டடங்கள் கூறும் வரலாறு

முதற்கண் கட்டடங்கள் கூறுவதைக் கேட்போம். கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டில் இம்மலைமேல் ஏறினார். 1822ஆம் ஆண்டில் உதகையில் அவர் கட்டத் தொடங்கிய கல்வீடே இந்நகரின் முதல் ஐரோப்பிய இல்லம். ஊரார் அதனைக் 'கல் பங்களா' என்றனர். அதற்குரிய நிலம் தோடரிடமிருந்து ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் விலைக்குப் பெறப்பட்டது என்பர். 1955இல் தோன்றிய அரசு கலைக் கல்லூரியின் வளாகத்தில் அவ்வீடு இன்றும் உள்ளது.

ஏரியும் சல்லிவன் ஆக்கியதே. தூய ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829இல் கால்கோள் நிகழ்ந்தது. 1831இல் அது வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அவ்வாலயத்தின் பெருமரங்கள் சீரங்கப்பட்டணத்திலிருந்த திப்பு சுல்தானின் அரண்மனையினின்று கொணரப்பட்டவை என்பர். சல்லிவனின் மனைவியும் மகளும் அவ்வாலயக் கல்லறைத் தோட்டத்திலேயே துயில்கின்றனர். 1848இல் மக்கைவர் என்பார் தாவரவியற் பூங்காவை அமைக்கலானார். 1859இல் நீலகிரி நூலகம் தோன்றிற்று.

இவற்றை மட்டும் கண்டு மீள்வோர்க்கு, 1819க்கு முன் இம்மலை வெறுங்காடாகக் கிடந்தது என்னும் எண்ணமே உண்டாகும். அது பிழை. போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவனாகிய புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டான் என 1117ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டு ஒன்று கூறுகின்றது. 1603இல் மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்த ஃபெனிசியோ என்னும் இயேசு சபைத் துறவி தோடரையும் படுகரையும் கண்டு எழுதியுள்ளார். சிலப்பதிகாரத்துக் கால்கோட் காதை, வடநாடு செல்லும் செங்குட்டுவன் பாடியிறங்கிய இடமாக நீலகிரியைக் குறிக்கின்றது. அது இம்மலையே என்பாரும், கலிங்கத்தை அடுத்த வேறு மலை என்பாரும் உளராதலின் அதனை ஈண்டுச் சான்றாகக் கொள்ளவில்லை. ஏனைய இரண்டுமே போதியன. மலைமக்களின் வாழ்வு கட்டடங்களுக்கு எழுநூறு ஆண்டு முற்பட்டது என்பது அவற்றால் தெளிவாம்.

2. குடியிருப்பைக் குறிக்கும் மூன்று சொற்கள்

நீலகிரி ஊர்ப்பெயர்களின் ஈற்றை நோக்குவார்க்கு மூன்று சொற்கள் அடிக்கடி புலனாகும். அவை மந்து, கேரி, ஹட்டி என்பன. முறையே தோடர், கோத்தர், படுகர் ஆகியோரின் குடியிருப்புகளை அவை குறிக்கின்றன. மூன்றும் அயற்சொற்கள் போலத் தோன்றினும், மூன்றுக்கும் தமிழில் உறவுச் சொற்கள் உள்ளன என்பதே ஈண்டு நாம் வற்புறுத்த விழைவது.

(அ) மந்து: முத்தநாடு மந்து, தலையாட்டுமந்து, பகல்கோடு மந்து, மார்லிமந்து என்பன போலத் தோடர் ஊர்ப்பெயர்கள் முடியும். வளைகூரை வேய்ந்த சில இல்லங்கள், பால்மனையாகிய கோயில், எருமைத் தொழு ஆகியன சேர்ந்ததே ஒரு மந்து. 'மந்து' என்பது பிறர் வழங்கும் வடிவம். தோடர் நாவில் அச்சொல் 'மொத்' என்பதை ஒட்டி ஒலிக்கும். தமிழெழுத்தால் அவ்வொலியைச் சரிவரக் காட்டல் அரிது.

பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இச்சொல்லைத் தமிழின் மன்று, மன்றம் ஆகியவற்றோடு ஓரினமாக வைத்துள்ளது. பழந்தமிழில் மன்றம் என்பது ஊர்ப் பொதுவிடத்தைக் குறித்தது. மன்று என்பதற்கு ஆநிரை நிற்கும் தொழுவம் என்னும் பொருளும் உண்டு. தமிழகத்துச் சமவெளியில் முன்னைய பொருளே வளர்ந்து, அறங்கூறவையம், கழகம் எனப் பொருள் விரிந்தது. மலைமேல் வாழ்ந்த ஆயராகிய தோடரிடம் நிரையும் வழிபாடும் ஊரும் பிரியாது நின்றமையால் அச்சொல் அம்மூன்றையும் ஒருங்கே குறிக்கின்றது. நாம் பொருள் பிரித்து வழங்கியதை அவர் பிரிக்காது காத்தனர் எனலாம்.

தமிழில் அகரமும் ஆகாரமும் வருமிடத்துத் தோடத்தில் ஒகரமும் ஓகாரமும் வருதல் பல சொற்களிற் காணப்படும். தோடர் தம்மை 'ஓள்' என்பர்; அது தமிழின் 'ஆள்' என்பதே. எருமையைக் குறிக்கும் அவர்தம் சொல்லும் நம் 'எருமை' என்பதன் முதற்பகுதியோடு உறவுடையது. ஆகவே மன்று, மொத் என்பவற்றின் உறவு ஒலியொப்புமை ஒன்றையே பற்றிய ஊகம் அன்று. ஒலிமாற்ற ஒழுங்கின்பாற் பட்டது.

(ஆ) கேரி: கோத்தர் இரும்புவேலை, மரவேலை, மட்கலவேலை, இசை ஆகியவற்றில் வல்லவர். தோடரின் நெய்யும் படுகரின் தானியமும் கோத்தரின் கருவிகளும் குறும்பரின் காடுபடு பொருள்களும் தம்முள் மாறிப் புழங்கிய பழைய கொடுக்கல் வாங்கல் முறை மானிடவியலார் பலரால் ஆராயப்பட்டுள்ளது. கோத்தர் ஊர்கள் ஏழு என்பது மரபு. அவற்றுள் ஒன்றை அடுத்து எழுந்த நகரே கோத்தகிரி.

'கிரி' என்னும் ஈறு கண்டு இப்பெயரைக் கோத்தமலை எனப் பொருள்கொள்வர். அது பொருந்தாது. கோத்தர் வாழும் கேரி என்பதே இப்பெயரின் பழைய வடிவம். கேரி என்பது கன்னடத்தில் தெருவையும் குடியிருப்பையும் குறிக்கும். இகர எகர உயிர்களின் முன் வந்த பழைய ககரம் தமிழிற் சகரமாயிற்று. கன்னடத்தில் ககரமாகவே நின்றது. தமிழின் செவி கன்னடத்திற் கிவி ஆதல் போலத் தமிழின் சேரி கன்னடத்திற் கேரி ஆகும். எனவே கோத்தகிரி என்பது கோத்தர்சேரியே. பழந்தமிழ் நூல்களில் எவ்வகை இழிபொருளுமின்றிக் குடியிருப்பு என்னும் பொருளில் வழங்கிய சொல்லே சேரி என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

(இ) ஹட்டி: படுகர் விசயநகரப் பேரரசின் வீழ்ச்சியை ஒட்டி மைசூர் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர் என்பர். வடக்கிலிருந்து வந்தோர் என்னும் பொருளுடைய பெயரே 'படுகர்' என மருவிற்று. தமிழின் வகரம் கன்னடத்திற் பகரமாதல் யாவரும் அறிந்தது. அவர்தம் ஊர் 'ஹட்டி' எனப்படும். பால் என்பது ஹாலு எனவும், பள்ளி என்பது ஹள்ளி எனவும் ஆதல் போலப் பட்டி என்பது ஹட்டி ஆயிற்று. தும்மனட்டி என்னும் ஊர்ப்பெயரில் இவ்வீறு தமிழ் வழக்கில் ஹகரம் கெட்டு 'அட்டி' என நிற்கின்றது. ஒசஹட்டி என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கின் 'புதுப்பட்டி' என வரும். தென்னாட்டுச் சமவெளியில் எத்துணையோ புதுப்பட்டிகள் உள. மலைமேலும் புதுப்பட்டி உண்டு என்பதை அறிவார் சிலரே.

மன்று, சேரி, பட்டி ஆகிய மூன்றும் தமிழில் ஒரு மொழியின் சொற்களாக நிற்கின்றன. நீலகிரியில் அவற்றின் இனச்சொற்கள் மூன்று மக்களுக்கு உரிய அடையாளமாகப் பிரிந்து நிற்கின்றன. பெயரீற்றைக் கேட்ட அளவில் அவ்வூர் யாருடையது என அறியும் வாய்ப்பு உண்டாகின்றது. இவற்றையன்றிச் சரிவுகளில் வாழும் குறும்பர் ஊர்கள் 'கொம்பை' என முடிதலும் உண்டு. பழைய பாறை ஓவியங்களால் அறியப்பட்ட வெள்ளரிக்கொம்பை அதற்கு எடுத்துக்காட்டு.

3. பெயர்கள் திரிந்த வழிகள்

இப்பெயர்கள் எல்லாம் பண்டைய வடிவிலேயே வழங்குகின்றன அல்ல. அவை திரிந்த வழிகள் மூன்று.

முதலாவது, வழக்குச் சொல்லை வடமொழிச் சொல்லாக்குதல். கேரி கிரியானதை மேலே கண்டோம். நகரின் பெயரே இதற்குத் தலைசிறந்த சான்று. 1821ஆம் ஆண்டுச் சென்னை அரசிதழில் வெளிவந்த மடலொன்றில் இவ்வூர்ப் பெயர் 'வோட்டோக்கிமந்து' என்பதை ஒத்த வடிவில் முதன்முதலாகக் காணப்படுகின்றது. பெயரின் முற்பகுதிக்கு ஒற்றைக்கல் என்பது முதலாகப் பல விளக்கங்கள் கூறப்படுகின்றன. பிற்பகுதி மந்து என்பதில் ஐயமில்லை. பின்னர் முற்பகுதி நீரைக் குறிக்கும் 'உதகம்' ஆகவும், மந்து 'மண்டலம்' ஆகவும் எழுதப்பட்டன. சல்லிவன் ஆக்கிய ஏரி கண்முன் கிடந்தமையால் நீர்மண்டலம் என்னும் விளக்கமும் எளிதில் வேரூன்றிற்று. ஏரி தோன்றியதோ 1824ஆம் ஆண்டளவில்; ஊர்ப்பெயர் அதற்கு முன்பே பதிவு பெற்றுவிட்டது. ஆகவே அவ்விளக்கம் காலத்தாலும் நில்லாது.

இரண்டாவது, பழம்பெயரை நீக்கி ஆங்கிலப் பெயரை வைத்தல். குன்னூரை அடுத்த படைவீடு முதலில் ஜக்கதலா என்னும் படுகர் ஊர்ப்பெயரால் வழங்கிற்று. பின்னர் வெலிங்டன் கோமகனின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1947 முதல் பாதுகாப்புப் படைகளின் பணியாளர் கல்லூரி அமைந்துள்ள இடம் அதுவே. பழம்பெயர் முற்றும் அழியாது 'ஜெகதளா' எனப் பேரூராட்சியின் பெயராக அருகில் வாழ்கின்றது. உதகைக்குள் சேரிங் கிராஸ், ஃபெர்ன்ஹில், எல்க்ஹில், லவ்டேல் முதலியன இவ்வகையின.

மூன்றாவது, ஆங்கிலப் பெயர் மக்கள் நாவில் தமிழாதல். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் இருப்புப்பாதையில் இதனை நன்கு காணலாம். 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் திறக்கப்பட்ட இப்பாதையை 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. நாற்பத்தாறு கிலோமீட்டர்த் தொலைவில் கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என நிலையப் பெயர்கள் மாறி மாறி வருகின்றன. அவற்றுள் ரன்னிமேடு என்பது இங்கிலாந்தில் புல்வெளி ஒன்றின் பெயர். ஆங்கே 'மீட்' என்னும் ஈறு புல்வெளியைக் குறித்தது. தமிழர் நாவில் அது மேடு ஆயிற்று. மலைச்சரிவில் உள்ள ஊருக்கு அப்பெயர் நன்கு பொருந்தியும் விட்டது. பெருமண்சரிவால் பெயர்பெற்ற அவலாஞ்சியும் ஆங்கிலச் சொல்லே. 'ஊட்டி' என்பது ஆங்கிலேயர் ஆக்கிய குறுக்கம். ஊட்டுதல் என்னும் வினையோடு அதற்கு எவ்வகை உறவும் இல்லை.

இம்மூன்றையும் ஒப்பிடுங்கால் ஓர் உண்மை புலனாகும். தமக்கு விளங்காத பெயரை விளங்கும் சொல்லாக மாற்றிக்கொள்ளுதல் எல்லா மக்கட்கும் இயல்பு. ரன்னிமேட்டில் தமிழர் செய்ததும், உதகமண்டலத்திற் கற்றோர் செய்ததும் ஒரு தன்மையனவே. ஆயின் விளைவு வேறு. ஆங்கிலப் பெயர்க்கு ஆவணம் உண்டு. மூலத்தை மீண்டும் அறியலாம். எழுத்தில்லா மொழியின் பெயர் திரிந்தால், பேசுவோர் நினைவையன்றி வேறு ஆவணம் இல்லை.

4. பெயர் பெறாத மக்கள்

பெயர்கள் எல்லாரையும் ஒருபடித்தாகப் போற்றவில்லை. வந்து வாழ்ந்தும் பெயர் விட்டுச் செல்லாதோரும் உளர்.

மலாக்காவும் பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாநிலச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை அடுத்து, நீலகிரிச் சிங்கோனாத் தோட்ட வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினாப் பட்டை தந்த தோட்டங்கள் அவை. விடுதலை பெற்ற சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தங்கித் தமிழ்ப்பெண்டிரை மணந்து வாழ்ந்தனர். சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் அக்குடும்பங்களைக் கண்டு எழுதியுள்ளார். மலாக்காவிற் சீனர் கோயிலைக் காணும் நம்மவர், அந்நிலப்பகுதியிலிருந்து வந்த சீனர் நம் மலையில் தமிழரோடு கலந்து வாழ்ந்ததை அறியார். அவர்க்குக் கோயிலும் இல்லை; பெயர் தாங்கிய ஊரும் இல்லை.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நிலையும் எண்ணத்தக்கது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் நிகழ்ந்த சிறிமாவோ - சாத்திரி உடன்படிக்கையின்படி, இலங்கையிலிருந்து 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோரிற் பலர் நீலகிரிக்கு வந்தனர். அவர்க்குத் தொழிலளிக்கும் பொருட்டு 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. பின்னர் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. அக்கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமாகிய 'டேன்டீ' என்பதே கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கங்களில் அவர்தம் இருப்பிடங்களைச் சுட்டும் பெயராக வழங்குகின்றது.

தோட்டங்களில் தொழிலாளர் வாழும் வீட்டுவரிசை 'லைன்' எனப்படும்; இலங்கை மலையகத் தமிழர் அதனை 'லயம்' என்பர். மன்றும் சேரியும் பட்டியும் மக்கள் தாமே கூடி வாழ்ந்தமையால் எழுந்த சொற்கள். லயமோ பிறர் கட்டிய வரிசையின் பெயர். தலைமுறைகள் கடந்தும் அவ்விடங்கள் கழகத்தின் பெயரையன்றித் தமக்கென ஒரு பெயர் பெறாமை, நிலத்தின்மேல் அம்மக்களுக்கு வேரூன்றிய உரிமை வாய்க்காமையின் அறிகுறி எனக் கருத இடமுண்டு.

எனினும் வந்தோர் பெயரிட்ட இடங்கள் அறவே இல்லை எனல் ஆகாது. குன்னூர்த் தந்தி மாரியம்மன் கோயிலை நோக்குக. தந்தி நிலையத்தை ஒட்டி அம்மன் வெளிப்பட்டமையால் அப்பெயர் எய்திற்று என்பது ஊர் வழக்கு. ஆங்கிலேயர் கொணர்ந்த தந்தியும், சமவெளித் தமிழர் கொணர்ந்த மாரியும் ஒரு பெயரில் இணைந்தன. தந்திப் பணியை நாடு 2013இல் கைவிட்டது. அம்மனின் பெயரில் தந்தி இன்றும் நிலவுகின்றது.

5. பெயரே வழிபாடாதல்

தோடரிடத்துப் பெயருக்கு உள்ள மதிப்புத் தனித்தன்மையது. 1901-02இல் அவர்களிடையே தங்கி ஆராய்ந்த ரிவர்சு என்பார் 1906இல் வெளியிட்ட நூலில் 'குவார்சம்' என ஒன்றைக் குறிக்கின்றார். வழிபாட்டில் மட்டும் ஓதப்படும் திருப்பெயரே குவார்சம். மந்து, பால்மனை, எருமை, குன்று, ஓடை ஆகியவற்றுக்கு அத்தகைய பெயர்கள் தனியே உண்டு. தோடரின் வழிபாட்டு உரையில் பெரும்பகுதி இப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'இதன் பொருட்டு' என வேண்டுவதாகவே அமையும். எமனோ தொகுத்து 1971இல் வெளிவந்த தோடர் பாடல்களிலும் இடப்பெயர்கள் நிறைந்துள்ளன.

கடந்த ஒன்றரை நூற்றாண்டில் தோடரின் மேய்ச்சல் நிலங்களிற் பெரும்பகுதி தைலமரக் காடாகவும் சீகைத் தோப்பாகவும் தேயிலைத் தோட்டமாகவும் நீர்த்தேக்கமாகவும் மாறிவிட்டது. உதகைக்குக் குடிநீர் தரும் நீர்நிலைகளுள் ஒன்று மார்லிமந்து என்னும் பெயருடையது. நீரைப் பருகுவோர் அப்பெயரிலுள்ள மந்தைச் சிந்திப்பதில்லை. புல்வெளி மறைந்த பின்னும் அதன் பெயர் வழிபாட்டில் வாழ்தல் கூடும். பெயரும் மறைந்தால் வழிபாட்டுரையே குறைவுபடும். தோடர் தொகை இரண்டாயிரத்தை ஒட்டியதே; பெயர்களை முறையாக ஓத வல்லார் அவருள்ளும் சிலர். ஆகவே நீலகிரி ஊர்ப்பெயர் ஆய்வு ஓய்வுநேரப் புலமை விளையாட்டன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். மந்து, கேரி, ஹட்டி ஆகியன தமிழின் மன்று, சேரி, பட்டி ஆகியவற்றோடு உறவுடையன. உதகமண்டலம், கோத்தகிரி என்னும் வடிவங்கள் பிற்காலத்துத் திரிபுகள். கட்டடங்கள் காட்டாத மக்களைப் பெயர்கள் காட்டுகின்றன. பெயரும் பெறாதாரை வேறு ஆவணங்களால் அறிதல் வேண்டும்.

எமனோவின் கோத்த உரைத்தொகுதிகளும் தோட இலக்கணமும், ஹாக்கிங்ஸ், பிலோ-ரைசூர் ஆகியோர் 1992இல் வெளியிட்ட படுக அகராதியும், கமில் சுவெலபிலின் இருளமொழி ஆய்வும் அயல்நாட்டார் உழைப்பால் நமக்குக் கிடைத்தவை. உறவு மொழியினராகிய நமக்கு இதிற் பங்கு பெரிது. ஒவ்வோர் ஊர்ப்பெயரையும் அவ்வூரார் ஒலிக்கும்படி ஒலிப்பதிவு செய்தல், அவர் தரும் விளக்கத்தை முதலிலும் பிறர் தரும் விளக்கத்தைப் பின்னரும் குறித்தல், பழைய நிலப்படங்களோடும் வருவாய் ஆவணங்களோடும் அதனை ஒப்பிடல் ஆகிய மூன்றும் முதுகலை மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க பணிகள். வழிபாட்டில் மட்டும் ஓதற்குரிய பெயர்களை உரியோர் இசைவின்றிப் பதிதல் ஆகாது என்பதையும் மாணவர் மறத்தல் கூடாது.

தாவரவியற் பூங்காவின் மேற்புறத்தே தோடர் மந்து ஒன்று உள்ளது. பூங்காவைக் காணச் செல்வோர் பலர். இன்னும் சற்றே மேலேறி அம்மந்தையும் காண்பார் சிலர். அதனைக் காட்டும் பலகையில் தோடர் வழங்கும் பெயரும் பொறிக்கப்பெறுமாயின், மன்றம் என்னும் தமிழ்ச்சொல்லின் உறவினரைக் காண வந்தோம் என்னும் உணர்வு அங்கு ஏறிவரும் தமிழர்க்கு உண்டாகும்.